திகோச்சின்: ஒரு சிறுநகரமும் சுற்றியுள்ள கிராமங்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போலந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வார்சா, க்ராகுவ் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வடகிழக்கு மூலை வரை போகிறவர்கள் குறைவு. அப்படிப் போகிற சிலரும் திகோச்சினில் இரண்டு மணி நேரம் நின்று, சதுக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்த ஊரின் கதையில் சரிபாதி அதைச் சுற்றியுள்ள கிராமங்களில்தான் கிடக்கிறது என்பது என் கட்சி. அதனால் ஊரைத் தனியாகப் பிய்த்தெடுக்காமல், அது அடங்கிய வட்டாரம் முழுவதையும் சேர்த்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

திகோச்சின் எங்கே இருக்கிறது?

போலந்தின் வடகிழக்கில், போத்லாஸ்கியே மாகாணத்தில். மாகாணத் தலைநகர் பியாவிஸ்தோக்கிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். நாரெவ் என்ற ஆறு ஊரின் வடக்கு ஓரமாக ஓடுகிறது. ஆறு என்றால் நேராக ஓடும் ஆறு இல்லை. வளைந்து, பிரிந்து, வசந்த காலத்தில் கரை தாண்டிப் புல்வெளிகளில் பரவி நிற்கும் ஆறு. இந்த வட்டாரத்தில் நாரைகள் வருவதற்கும், மாடுகள் இத்தனை இருப்பதற்கும் இந்த ஆறுதான் காரணம்.

நகரத்தில் ஏறத்தாழ 2,000 பேர். கிராமங்களையும் சேர்த்தால் 6,000 சொச்சம். பரப்பு 200 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

நகரம், கிராமம் இரண்டும் ஒரே நிர்வாகத்தில் எப்படி?

போலந்தில் உள்ளாட்சியின் அடிமட்ட அலகுக்கு க்மினா என்று பெயர். நாடு முழுக்க இரண்டாயிரத்து நானூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் மூன்று வகை: நகரம் மட்டும் கொண்டவை, கிராமங்கள் மட்டும் கொண்டவை, நகரமும் கிராமங்களும் சேர்ந்தவை. திகோச்சின் மூன்றாவது வகை.

இந்த மூன்றாவது வகையில் நகரத்துக்கு ஒரு மன்றம், கிராமங்களுக்கு ஒரு மன்றம் என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. ஒரே மேயர், ஒரே மன்றம், ஒரே பட்ஜெட். நகரச் சதுக்கத்தின் கற்களை மாற்றும் பணமும், பத்து வீடு உள்ள ஒரு கிராமத்துக்குப் போகும் மண் சாலையைச் செப்பனிடும் பணமும் ஒரே பையிலிருந்து வர வேண்டும். சண்டை வராதா என்று கேட்டால், வரும். சுற்றுலாப் பயணிகளுக்காக ஊரை அழகுபடுத்துகிறார்கள், எங்கள் சாலை அப்படியே கிடக்கிறது என்ற புகார் இந்த வகை க்மினாக்களில் சகஜம். ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. கிராமத்துப் பிள்ளை படிக்க நகரத்துக்கு வருகிறது. நகரத்தைப் பார்க்க வருகிறவர் கிராமத்தில் தங்குகிறார். இதில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் இளைத்துப்போகும்.

க்மினாவுக்கு மேலே பொவியாத் என்ற மாவட்டம், அதற்கு மேலே மாகாணம். இந்த மூன்றடுக்கு 1999 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாகாணங்கள் 16. திகோச்சின் பியாவிஸ்தோக் மாவட்டத்தைச் சேர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை: மாவட்ட அலுவலகம் பியாவிஸ்தோக் நகரத்துக்குள் இருக்கிறது, ஆனால் பியாவிஸ்தோக் நகரம் அந்த மாவட்டத்தில் இல்லை. அது தனக்குத்தானே ஒரு மாவட்டம்.

எந்த வேலைக்கு எந்த அலுவலகம்?

குடிநீர், கழிவுநீர், குப்பை, உள்ளூர்ச் சாலை, பாலர் பள்ளி, எட்டு வகுப்பு கொண்ட தொடக்கப் பள்ளி, நூலகம், அடையாள அட்டை, பதிவுத் திருமணம், ஏழைகளுக்கான உதவி எல்லாம் க்மினா. மேல்நிலைப் பள்ளி, கார் பதிவு, ஓட்டுநர் உரிமம் ஆகியவை மாவட்டம். ஆகவே திகோச்சின்காரர் வீடு கட்ட நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உள்ளூர் அலுவலகத்துக்கு நடந்தே போவார். கார் வாங்கினால் பியாவிஸ்தோக் போவார்.

யார் நடத்துகிறார்கள்?

15 உறுப்பினர் கொண்ட மன்றமும், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயரும். கம்யூனிச ஆட்சி விழுந்தபின் உள்ளாட்சிச் சட்டம் 1990 மார்ச்சில் வந்தது, அதே ஆண்டு மே 27-இல் முதல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போதெல்லாம் மேயரை மன்றம்தான் தேர்ந்தெடுத்தது. 2002 முதல் நேரடித் தேர்தல். பதவிக்காலம் முன்பு நான்கு ஆண்டு, 2018 தேர்தலிலிருந்து ஐந்து. பிடிக்காத மேயரை இடையிலேயே இறக்க வாக்கெடுப்பு கேட்கலாம். அதற்கு வாக்காளர்களில் பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

என்னைக் கேட்டால் இந்த அமைப்பில் சுவாரசியமான ஆள் மேயர் இல்லை, சோவ்திஸ்தான். ஒவ்வொரு கிராமமும், அல்லது பக்கத்துப் பக்கத்து இரண்டு மூன்று குக்கிராமங்கள் சேர்ந்தும், தங்களுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அவருக்குத்தான் அந்தப் பெயர். அவருக்கு அலுவலகம் கிடையாது. வீட்டுச் சுவரிலோ வேலியிலோ சிவப்புத் தகட்டில் வெள்ளை எழுத்தில் ‘சோவ்திஸ்’ என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார், அதுதான் அலுவலகம். மாடு கறந்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்து பேசுவார். இந்தப் பதவியில் பெண்களும் நிறையப் பேர்.

அவர் செய்யும் வேலை என்ன? கிராமக் கூட்டத்தைக் கூட்டுவது, சாலையைப் பனி மூடினால் அதைத் தள்ளும் வண்டியை வரவழைக்கப் போன் செய்வது, அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவது, சில இடங்களில் வீடு வீடாகப் போய் வரி வசூலிப்பது. வரி வசூலித்தால் அதில் சிறு கமிஷன் உண்டு. மற்றபடி பெரிய சம்பளம் கிடையாது. 2023-இல் வந்த சட்டப்படி, குறைந்தது எட்டு ஆண்டு சோவ்திஸாக இருந்தவருக்கு, பெண் என்றால் 60 வயதிலும் ஆண் என்றால் 65 வயதிலும், மாதம் 300 ஸ்வோத்தி (போலந்து நாணயம்) உதவித்தொகை தருவதாக அரசு முடிவு செய்தது. வாழ்நாள் முழுக்க ஊருக்கு உழைத்ததற்கு இது கொஞ்சம்தான். ஆனால் அதுவரை அதுகூட இல்லை.

கிராமத்துக்கென்று தனியாகப் பணம் உண்டா?

மன்றம் ஒப்புக்கொண்டால் உண்டு. க்மினா பட்ஜெட்டில் ஒரு பகுதியைக் கிராமங்களுக்கு ஒதுக்கிவைப்பார்கள். கிராமக் கூட்டம் கூடி அதை எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானித்து, செப்டம்பர் 30-க்குள் மேயரிடம் விண்ணப்பம் தர வேண்டும். தேதி தவறினால் அந்த ஆண்டுக் காசு போச்சு. பேருந்து நிழற்குடை, குழந்தைகள் ஊஞ்சல், தெருவிளக்கு, தன்னார்வத் தீயணைப்புக் கூடத்துக்கு நாற்காலி மேசை என்று சின்னச் சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும். ஆனால் ‘விளக்கா, ஊஞ்சலா’ என்று கிராமமே உட்கார்ந்து வாதாடிக் கைதூக்கி முடிவு செய்கிறது.

தீயணைப்புக் கூடம் என்றதும் ஒரு வண்டி நிற்கும் கொட்டகை என்று நினைக்க வேண்டாம். கல்யாண விருந்து, ஓட்டுப்பதிவு, கிராமப் பெண்கள் சங்கத்தின் கூட்டம் எல்லாம் அங்கேதான்.

வரியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வீட்டு வரி, வருமான வரியில் ஒரு பங்கு, மத்திய அரசு மானியம் என்று பல வகை. இதில் விவசாய நில வரி மட்டும் தனி ரகம். அதை ரை என்ற தானியத்தின் விலையை வைத்து நிர்ணயிக்கிறார்கள். பண்ணை நிலத்துக்கு, மண்ணின் தரத்தைப் பொறுத்துச் சரிக்கட்டிய ஒரு ஹெக்டேருக்கு 2.5 குவிண்டால் ரை என்ன விலையோ, அதுதான் ஆண்டு வரி. அந்த விலையைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அறிவிக்கும். விலை எகிறிய ஆண்டில் விவசாயிகள் முனகுவார்கள். மன்றம் மனமிரங்கி, வரிக்கணக்குக்கு மட்டும் விலையைக் குறைத்துத் தீர்மானம் போடலாம். ஒரு சென்ட் ரைகூட விதைக்காமல் மாட்டுக்குப் புல்லும் மக்காச்சோளமும் மட்டுமே போடுகிறவருக்கும் இதே கணக்குத்தான்.

2,000 பேர் இருக்கிற இடத்தை நகரம் என்பது கொஞ்சம் அதிகமில்லையா?

போலந்தில் நகரம் என்பது மக்கள்தொகையால் தானாக வருவதில்லை. அது ஒரு பட்டம். திகோச்சினுக்கு அந்த உரிமை 1425-இல், மசோவிய இளவரசர் முதலாம் யானுஷ் காலத்தில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் பாதி மக்களை இழந்த ஊரிடமிருந்து 1950-இல் அது பறிக்கப்பட்டது. 43 ஆண்டு கிராமமாக இருந்துவிட்டு, 1993-இல் மறுபடி நகரமானது. பட்டம் போய் வந்த அந்த இடைவெளியில் சதுக்கமோ தேவாலயமோ இடம் மாறவில்லை. ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு அது மானப் பிரச்சினை. ஒரு காலத்தில் பியாவிஸ்தோக்கைவிடப் பெரிய பெயர் வாங்கிய ஊர் இது.

அப்படியானால் பின்தங்கியது ஏன்?

முதல் அடி எல்லைக் கோடு. 1815-க்குப் பிறகு நாரெவ் ஆறு இந்தப் பகுதியில் ஒரு எல்லையாகிவிட்டது: தென்கரையில் திகோச்சின், ரஷ்யப் பேரரசரே அரசராக இருந்த போலந்து ராஜ்யத்தில், அந்தப் பக்கம் பியாவிஸ்தோக் நேரடியாக ரஷ்யப் பேரரசில். ரஷ்யாவுக்கு எதிரான எழுச்சி 1831-இல் அடக்கப்பட்டபின் ரஷ்யா நடுவில் சுங்கச் சுவரை எழுப்பியது. நெசவாலை முதலாளிகள் என்ன செய்வார்கள்? ரஷ்யச் சந்தைக்குச் சுங்கம் இல்லாமல் சரக்கு அனுப்ப, அந்தப் பக்கம் போய் ஆலை வைத்தார்கள். பியாவிஸ்தோக் வளர்ந்தது. அடுத்த அடி ரயில். 1862-இல் வார்சா–பீட்டர்ஸ்பர்க் இருப்புப்பாதை பியாவிஸ்தோக் வழியாகப் போனது, திகோச்சினைத் தொடவில்லை. இன்றுவரை ஊருக்கு ரயில் கிடையாது.

அந்த நஷ்டம்தான் பிற்பாடு லாபமானது. ஆலை வராததால் 18-ஆம் நூற்றாண்டுத் தெருவமைப்பு கலையாமல் இருந்துவிட்டது.

சதுக்கம் ஏன் இவ்வளவு பெரிது? நடுவில் நிற்பவர் யார்?

ஊர் கைமாறிய கதை இது. 15-ஆம் நூற்றாண்டில் காஷ்தோவ்த் என்ற லிதுவேனியப் பிரபு குடும்பத்திடம் இருந்தது. 1542-இல் அந்த வம்சத்தின் கடைசி ஆண்வாரிசு ஸ்தானிஸ்வாவ் இறந்ததும் அரச குடும்பத்துக்குப் போனது. அவருடைய இளம் மனைவி பர்பாரா ராஜிவில் பிறகு அரசர் ஸிக்முந்த் அவுகுஸ்தை மணந்தார். போலந்து வரலாற்றில் மிக அதிகம் பேசப்பட்ட காதல் அதுதான். அந்த அரசர் ஆற்றின் வடகரையில் இருந்த கோட்டையைப் பெரிதாக்கி, கருவூலத்தையும் ஆயுதக் கிடங்கையும் நூலகத்தையும் அங்கே வைத்தார். 1572-இல் அருகிலுள்ள க்னிஷினில் அவர் இறந்தபின், க்ராகுவ் கொண்டுபோகும்வரை மாதக்கணக்கில் உடலைத் திகோச்சின் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள்.

1661-இல், ஸ்வீடன் படையெடுப்பை எதிர்த்த தளபதி ஸ்தெஃபான் சார்னியெத்ஸ்கிக்குப் பரிசாக ஊர் வழங்கப்பட்டது. போலந்தின் தேசிய கீதத்தில் பெயர் வரும் ஆள் அவர். அவர் மகள் வழியாகப் பிரானித்ஸ்கி குடும்பத்துக்குப் போனது. அந்தக் குடும்பத்து யான் க்ளெமென்ஸ் பிரானித்ஸ்கி 18-ஆம் நூற்றாண்டில் பியாவிஸ்தோக்கில் பெரிய அரண்மனை கட்டியவர். திகோச்சினையும் அதே கையோடு பரோக் பாணியில் சீரமைத்தார். இரட்டைக் கோபுரத் தேவாலயமும் அகன்ற சதுக்கமும் அவர் காலத்தவை. தன் கொள்ளுத்தாத்தா சார்னியெத்ஸ்கிக்கு 1763-இல் நடுவில் சிலை வைத்தார். அரசரல்லாத ஒருவருக்குப் போலந்தில் எழுந்த மிகப் பழைய சிலைகளில் அது ஒன்று. சிலையின் கையில் படைத்தலைமைக்குரிய தண்டம் இருக்கும். நிஜத்தில் அந்தப் பதவி அவருக்கு வந்தது 1665 ஜனவரியில், பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

வெள்ளைக் கழுகு விருதுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

போலந்தின் மிக உயர்ந்த விருதை இரண்டாம் அவுகுஸ்த் மன்னர் 1705 நவம்பரில் தொடங்கியது இங்கேதான். ஸ்வீடனோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம்; கூட்டாளியான ரஷ்யாவின் பீட்டர் பேரரசரும் அப்போது வந்திருந்தார். 1982-இல் இதற்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம்.

கோட்டை அசலா?

இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் பாழடைந்து, செங்கல்லையும் கல்லையும் வேறு கட்டடங்களுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது நிற்பது 21-ஆம் நூற்றாண்டில் தனியார் ஒருவர் பழைய அடித்தளத்தின் மேல் கட்டியது. தூரத்திலிருந்து ஆற்றோடு சேர்த்துப் பார்க்க நன்றாக இருக்கிறது. கிட்டப் போனால் செங்கல்லின் புதுநிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

யூத வழிபாட்டுக் கூடம் இவ்வளவு பெரிதாக இருக்கக் காரணம்?

ஒல்பிராக்ட் காஷ்தோவ்த் 1522-இல் க்ரோத்னோவிலிருந்து யூதக் குடும்பங்களை அழைத்துக் குடியமர்த்தினார். வியாபாரம் பெருக வேண்டும் என்பதுதான் நோக்கம். அடுத்த 420 ஆண்டு அவர்கள் இங்கே இருந்தார்கள். சதுக்கத்துக்கு மேற்கே காசொரோவோ என்ற பகுதி அவர்களுடையது. ஊரின் கிழக்கு முனையில் தேவாலயம், மேற்கில் யூதக் கூடம். 18-ஆம் நூற்றாண்டு வரை பியாவிஸ்தோக்கின் யூதச் சமூகமே திகோச்சின் சபைக்குக் கட்டுப்பட்டிருந்தது.

கூடம் கட்டப்பட்டது 1642-இல். வெளியே பார்த்தால் கனத்த சுவர்களோடு ஒரு சதுரப் பெட்டி, மூலையில் ஒரு சிறு கோபுரம். உள்ளே போனதும் கண்ணில் படுவது நடுவில் நான்கு பெருந்தூண்கள் சூழ்ந்த மேடை. வேதச்சுருளை அங்கே நின்றுதான் வாசிப்பார்கள். கூரை வளைவுகளின் பாரமும் அந்தத் தூண்கள்மேல்தான் இறங்குகிறது. சுவரெங்கும் ஹீப்ரூவிலும் அரமேயத்திலும் பிரார்த்தனை வரிகள், வண்ணச் சட்டங்களுக்குள் புத்தகப் பக்கங்களைப் போல எழுதப்பட்டிருக்கின்றன. எல்லாரிடமும் அச்சுப் புத்தகம் இல்லாத காலத்தில், தலை நிமிர்ந்தால் பார்த்துச் சொல்ல வசதி.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் கூடத்துக்குள் இருந்ததைக் கொள்ளையடித்துவிட்டு, அதைக் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். 1970-களில் புதுப்பித்து, 1977-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பியாவிஸ்தோக்கில் உள்ள போத்லாஸ்கியே அருங்காட்சியகத்தின் கிளை அது. எதிரே இருக்கும் பழைய வேதபாட வீட்டில் ஊரின் வரலாற்றைச் சொல்லும் பகுதி இருக்கிறது; மக்கள் அதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

1941-இல் என்ன நடந்தது?

1939 செப்டம்பரிலிருந்து சோவியத் ஆக்கிரமிப்பில் இருந்த ஊர் 1941 ஜூனில் ஜெர்மானியர் கைக்கு வந்தது. ஆகஸ்ட் 25 காலை யூதர்கள் அனைவரும் சதுக்கத்தில் கூட வேண்டும் என்று முந்தைய நாள் அறிவித்தார்கள். கூடியவர்களை நடத்தியும் லாரிகளில் ஏற்றியும் வோபுஹோவோ கிராமத்துக்கு அருகே உள்ள காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குழிகள் முன்பே வெட்டப்பட்டிருந்தன. அன்றும் மறுநாளும் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர் எண்ணிக்கை சுமார் 2,000 என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஓடி ஒளிந்து தப்பியவர்கள் மிகச் சிலர். அதாவது, போருக்கு முன் ஊரில் ஏறத்தாழ பாதிப் பேராக இருந்த ஒரு சமூகம் இரண்டு நாளில் இல்லாமல் போனது.

சதுக்கத்தையும் கூடத்தையும் மட்டும் பார்த்தால் இது பாதிதான் புரியும். வோபுஹோவோ இதே க்மினாவில்தான் இருக்கிறது. சாலையிலிருந்து காட்டுப்பாதையில் உள்ளே போனால், வேலி போட்ட கூட்டுக் கல்லறைகள். இஸ்ரேலிலிருந்து வரும் பள்ளி மாணவர் குழுக்கள் விட்டுப்போன விளக்குகளும் சிறு கொடிகளும் இருக்கும். அங்கே டிக்கெட் இல்லை, கடை இல்லை. சத்தம் போடாமல் போய் வாருங்கள். வேலியில் சாய்ந்து படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஊருக்கு மேற்கே பழைய யூதக் கல்லறைத் தோட்டமும் உண்டு. போலந்தின் மிகப் பழையவற்றில் ஒன்று. புல்லுக்குள் சாய்ந்த கற்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன.

நாரை கிராமம் என்கிறார்களே, அது எது?

பென்டோவோ. நகரத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர், நடந்தே போகலாம். மரத்தாலான பழைய பண்ணை வீடு, குதிரைகள், பெரிய மரங்கள். 1990-களின் தொடக்கத்தில் அடித்த ஒரு புயல் அந்த மரங்களின் உச்சியை முறித்துப்போட்டது. தட்டையாக முறிந்த மரத்தலை செங்கால் நாரைக்குத் தோதான மேடை. ஒன்று கட்டியது, அடுத்தது வந்தது, இருபதுக்கும் மேல் கூடுகள் ஆகிவிட்டன. 2001-இல் யூரோநாட்டூர் என்ற ஜெர்மன் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இதற்கு ‘ஐரோப்பிய நாரை கிராமம்’ என்ற பட்டம் தந்தது. போலந்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இடம்.

மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் ஆண் பறவை முதலில் வந்து பழைய கூட்டைப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் பெண் வரும். இரண்டும் கழுத்தை முதுகுவரை பின்னால் வளைத்து, அலகைப் படபடவென்று அடிக்கும். குரல் என்று சொல்லிக்கொள்ள அவற்றுக்கு அதுதான். ஒரு மரத்தில் தொடங்கினால் அடுத்தடுத்த மரங்களுக்குப் பரவி, முற்றம் முழுக்கச் சடசடக்கும். மூன்று முதல் ஐந்து முட்டை, 33 நாள் அளவில் குஞ்சு, அப்புறம் இரண்டு மாதத்தில் பறக்கும். கூடு ஆண்டுக்காண்டு வளர்ந்து சில நூறு கிலோ எடைகூட வந்துவிடும்.

தவளைதான் உணவு என்பார்கள். உண்மையில் வெட்டுக்கிளி, வண்டு, மண்புழு, வயல் எலி என்று கிடைப்பதெல்லாம். புல் அறுக்கும் டிராக்டருக்குப் பின்னால் ஏழெட்டு நாரைகள் வரிசையாக நடந்துபோகும் காட்சி ஜூன் மாதத்தில் சாதாரணம். டிராக்டருக்கு அவை பயப்படுவதே இல்லை. பயப்பட வேண்டியது வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் கயிற்றுக்கு. கூட்டுக்குள் மெத்தையாகப் போட எடுத்துவரும் அந்தக் கயிறு குஞ்சின் காலில் சுற்றி இறுக்கி, காலையே முறித்துவிடும். அறுவடை முடிந்ததும் கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள் என்று பறவை ஆர்வலர்கள் விவசாயிகளிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகஸ்டின் பின்பாதியில் புல்வெளியில் கூட்டம் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும். கடல் மேல் சூடான காற்றோட்டம் எழாது. சிறகடிக்காமல் மிதந்து போகும் பறவைக்கு அது கஷ்டம். அதனால் மத்தியதரைக் கடலைச் சுற்றிக்கொண்டு போஸ்பரஸ் நீரிணை, சினாய், நைல் வழியாக ஆப்பிரிக்கா போகிறது. 2004 கணக்கெடுப்பில் போலந்தில் 52,000-க்கும் மேற்பட்ட இணைகள் இருந்தன. அதன்பின் குறைந்துவருகிறது.

மற்ற கிராமங்களில் என்ன இருக்கிறது?

யெஷெவோவை எல்லாரும் வார்சா நெடுஞ்சாலையில் இறங்கும் இடமாக மட்டுமே அறிவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஸிக்முந்த் க்ளோகெர் (1845–1910) வாழ்ந்த பண்ணை அங்கேதான் இருந்தது. வயலில் கிடைக்கும் கற்கருவி முதல் கிழவிகள் பாடும் கல்யாணப் பாட்டு வரை சேகரித்தவர். படகில் ஆறு ஆறாகப் போய்க் குறிப்பெடுத்தவர். பழைய போலந்து வாழ்க்கைமுறை பற்றிய அவருடைய நான்கு தொகுதிக் கலைக்களஞ்சியம் 1900 முதல் 1903 வரை வெளிவந்தது. நாட்டுப்புற வழக்கங்களைப் பற்றிப் பேசும் போலந்துக்காரர் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார். தலைநகரில் பல்கலைக்கழக மேசையில் உட்கார்ந்து செய்யாமல், மாடும் அறுவடையும் நடக்கும் ஒரு கிராமத்திலிருந்து இதைச் செய்தார் என்பதுதான் எனக்கு வியப்பு.

கியெர்முசியில் பழம்பொருள் சந்தை கூடுகிறது. ஈய விளக்கு, பழைய ராணுவப் பொத்தான், உடைந்த கடிகாரம் எல்லாம் கிடைக்கும். பேரம் பேசலாம். ஸ்தெல்மாஹோவோ, ராதுலே, சாவினோ போன்ற ஊர்களில் ‘பார்க்க வேண்டியது’ என்று எதுவும் இல்லை. சாலையோரச் சிலுவை, மர வீடு, பால் வண்டி. எனக்கு அதுவே போதும்.

மக்கள் என்ன தொழில் செய்கிறார்கள்?

பால். போத்லாஸ்கியே மாகாணம் போலந்தின் பால் பண்ணை. நாட்டின் பெரிய பால் கூட்டுறவுகளான ம்லெகோவிதாவும் ம்லெக்போலும் இந்த மாகாணத்தில்தான் இருக்கின்றன. மற்றவர்கள் பியாவிஸ்தோக்கிற்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். இளைஞர்கள் போனால் திரும்புவது குறைவு.

வெளிநாட்டவர் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாமா?

அங்கே குடியிருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடிமக்கள் க்மினா தேர்தலில் வாக்களிக்கலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. குப்பைக் கட்டணம் மட்டும் எல்லாருக்கும் பொது. 

சாப்பாடு?

கர்த்தாச்சே: உருளைக்கிழங்கு மாவுக்குள் இறைச்சி வைத்து வேகவைத்த, கையளவு நீளக் கொழுக்கட்டை. இரண்டு தின்றால் அன்றைய நாள் முடிந்தது. சைவம் என்றால் சற்று கவனம் தேவை. உருளைக்கிழங்கு பாப்கா என்ற அடுப்புப் பணியாரத்தில்கூடப் பன்றிக்கொழுப்பு போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். வெயில் காலத்தில் பீட்ரூட்டும் மோரும் சேர்த்த குளிர்ந்த சூப் கிடைக்கும். யூதச் சமையல் பரிமாறும் இடமும் ஊரில் உண்டு.

எப்படிப் போவது, எப்போது போவது?

பியாவிஸ்தோக்கிலிருந்து பேருந்து. வாரநாளில் பரவாயில்லை, ஞாயிறன்று குறைவு. திரும்பும் வண்டியை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் ஊர் சுற்றுங்கள். காரில் வந்தால் எஸ்-8 விரைவுச்சாலையில் யெஷெவோவில் பிரிய வேண்டும். சைக்கிள் பிரியர்களுக்கு, கிழக்குப் போலந்தை இணைக்கும் 2,000 கிலோமீட்டர் நீளமான க்ரீன் வேலோ பாதை ஊருக்குள்ளேயே போகிறது.

நாரைக்காக என்றால் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை. குஞ்சுகள் கூட்டில் எழுந்து நின்று சிறகு பழகுவதைப் பார்க்க ஜூலை. ஆற்றோரத்தில் கொசு கடிக்கும், புல்லில் உண்ணி உண்டு, முழுக்கால் சட்டை போடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், போலந்தில் பல அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் விடுமுறை.

ஒரு நாள் போதுமா?

வண்டி இருந்தால் போதும். காலையில் யூதக் கூடமும் வேதபாட வீடும், அதைத் தொடர்ந்து அன்றே வோபுஹோவோ. இரண்டையும் வேறு வேறு நாளில் வைக்காதீர்கள். மதியம் சதுக்கத்தில் சாப்பாடு, ஆற்றுப்பாலம் வரை ஒரு நடை. பென்டோவோவுக்கு நாலு மணிக்கு மேல் போங்கள். புல்வெளியில் மேய்ந்த பறவைகள் கூட்டுக்குத் திரும்பும் நேரம், வெயிலும் பின்னாலிருந்து விழும், படம் நன்றாக வரும். பேருந்தை நம்பி வந்தவர்கள் வோபுஹோவோவுக்கு வாடகை சைக்கிளோ டாக்சியோ பார்த்துக்கொள்ள வேண்டும். கிராமங்களுக்குள் ஓடும் பேருந்துகள் பள்ளி நேரத்தை ஒட்டியவை, கோடை விடுமுறையில் அவையும் குறைந்துவிடும்.